திருப்பதியில் யாரும் பார்க்கக் கூடாத குழந்தை

அந்த ரெட்டைக் கோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டாக்டர் எங்கள் குடும்பத்தைப் படமாக வரைந்துகொண்டிருந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஒரு கோடு. அக்காவுக்கும் மாமாவுக்கும் நடுவில் மட்டும் இரண்டு கோடு போட்டார். சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் அப்படித்தான் போட வேண்டும். காலேஜில் நானே பரீட்சையில் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் இங்கே அந்த வட்டம் என் கூடப்பிறந்த அக்கா. அந்தக் கட்டம் என் அம்மாவின் கடைசித் தம்பி. ஆந்திர எல்லையில் எங்கள் சத்தியவேடு பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது யாரும் கேள்வி கேட்காத விஷயம். கட்டாமல் விட்டால்தான் ஏன் என்று கேட்பார்கள்.

அவர்களுக்குக் கீழே இரண்டு பிள்ளைகளை வரைந்தார். முதலில் ஒரு கட்டம். அதன்மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். இறந்துபோனதற்கு அதுதான் அடையாளம். அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது வட்டம். அந்த வட்டம் அப்போது மேல்மாடி வார்டில், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, கைப்பிள்ளையாகப் படுத்திருந்தது.

"ரெண்டு பேர்கிட்டயும் ஜீன்ல ஒரே பழுது ஒளிஞ்சிருக்கு," என்றார் டாக்டர். "தனியா இருக்கறவரைக்கும் அது ஒண்ணும் பண்ணாது. ரெண்டும் சேர்ந்து குழந்தைக்கு வந்துட்டா, கிருமியோட சண்டை போடற செல்லே உடம்புல உருவாகாது. இப்படியே விட்டா ஒரு சாதாரண சளி போதும். வேற ஒருத்தரோட ஸ்டெம் செல்லை ஏத்தணும். கூடப் பொறந்தவங்க இருந்தா முதல்ல அவங்களைத்தான் பாப்போம்."

கூடப் பிறந்தவன் மேல் குறுக்குக் கோடு கிடந்தது.

எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது.

"சார், அந்தப் பழுது ரெண்டு பக்கமும் சுத்தி ஒரே குழந்தைகிட்ட வந்திருக்குன்னா, பொருத்தமும் அதே மாதிரி சுத்திகினு வந்து எங்கள்ல யார்கிட்டயாவது உக்காந்திருக்கணும் இல்ல? எங்க எல்லாரையும் டெஸ்ட் பண்ணுங்களேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "நீ என்னம்மா படிக்கிற?"

"திருப்பதியில மைக்ரோபயாலஜி முடிச்சிட்டேன் சார். ஹைதராபாத்ல எம்.எஸ்சி. சீட் கிடைச்சிருக்கு."

"பண்ணலாம்," என்றார். "இந்த மாதிரி குடும்பங்கள்ல சித்தி, மாமான்னு எங்கேயாவது முழுப் பொருத்தம் கிடைக்கறது உண்டு."

வெளியே வந்ததும் மாமா என் தலையில் ஒரு தட்டு தட்டினார். "இன்னா டாக்டரம்மா, எங்க கல்யாணத்தைத் திட்டுறியா, மெச்சுறியா?"

"ரெண்டும் இல்ல மாமா. கணக்கு போடறேன்."

அக்கா சிரிக்கவில்லை. முதல் பையனை நாங்கள் சளி என்று சொல்லித்தான் இழந்திருந்தோம். பிறந்ததும் தோளில் போட்ட தடுப்பூசி அவனுக்குக் கடைசிவரை ஆறாத புண்ணாகவே இருந்தது. இவளுக்கும் அதே இடத்தில் அதே புண். அதைப் பார்த்து, "மொத பிள்ளைக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டவர் திருப்பதியில் இருக்கும் ஒரு குழந்தை டாக்டரம்மா. அவர் கேட்டதால்தான் இவள் சென்னைவரை வந்து சேர்ந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. கன்னத்துக்கு உள்ளே தேய்த்து எடுக்கும் பஞ்சுக் குச்சிகளை ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். நகரி, புத்தூர், வெதுருகுப்பம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அம்மா வழக்கம்போலக் கோழிக்குழம்பு வைத்துவிட்டாள். குச்சி போடுவதற்கு முன்னால் யாரும் வாயில் ஒன்றும் போடக் கூடாது என்று நான் வாசலில் நின்று கத்தினேன்.

"வாசனையை மூக்குல உட்டுட்டு வாயை மூடிகினு நிக்கணுமா? இது இன்னா டெஸ்ட்டு, பொறுமைக்கா?" என்று கேட்டார் பெரியநைனா. அவர் என் அப்பாவின் அண்ணன். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். வெதுருகுப்பத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறார். வெற்றிலை போடாமல் அவரால் அரைமணி நேரம் இருக்க முடியாது. அன்றைக்கு இருந்தார். நாலு தடவை வாய் கொப்பளித்துவிட்டு என்னிடம் வந்து, ஆ என்று வாயைத் திறந்து காட்டினார்.

பொருத்தம் என்னிடம் இருந்தது.

நான் நினைத்த கணக்கேதான். அக்கா வழியாக எங்கள் நைனா வீட்டுத் துண்டு ஒன்று குழந்தைக்குப் போயிருந்தது. மாமா வழியாக எங்கள் அம்மா வீட்டுத் துண்டு ஒன்று போயிருந்தது. அந்த இரண்டு துண்டும் அப்படியே எனக்கும் வந்திருந்தன. அக்காவுக்கே அது பாதிதான், எனக்கு முழுசு. போனில் கேட்டதும் மாடிக்கு ஓடிப்போய்த் தனியாகக் குதித்தேன்.

இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்தார்கள். இரண்டு வாரம் குனிந்தால் வலித்தது. ஊரில் எல்லாரும் பெரிய ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் எலும்புக்குள் இருந்தது ஒரு பையில் வந்து, ரத்தம் ஏற்றுகிற மாதிரி சொட்டுச் சொட்டாக அவளுக்குள் இறங்கியது. நடந்தது அவ்வளவுதான்.

புதுசுக்கு இடம் விடுவதற்காக அதற்கு முன்னால் லேசாகக் கீமோ கொடுத்திருந்தார்கள். அக்கா உள்ளே கண்ணாடி அறையில் குழந்தையோடு இருந்தாள். ஒருநாள் காலை போன் செய்தாள்.

"தலகாணி பூரா முடி. நேந்து உட்ட முடிடீ இது."

முதல் முடி மலைக்கு என்று வேண்டியிருந்தோம். எங்கள் பக்கம் எந்தக் குழந்தைக்கும் அதுதான் வழக்கம். அம்மா போனைப் பிடுங்கி ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டாள். "ஆஸ்பத்திரில கொட்டுனது கணக்குல வராது. இனிமே மொளைக்கிறதுதான் மொத முடி. ஏழுமலையானுக்கு இது கூடவா தெரியாது?"

என் செல்கள் பிடித்துக்கொண்டன. குழந்தையின் ரத்தத்தில் என்னுடையவை தெரிய ஆரம்பித்துவிட்டன என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்குப் போகலாம், ஆனால் பழைய வீட்டுக்குப் போகக் கூடாது. மாடு, மண், கூட்டம் எதுவும் இல்லாத இடமாக இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே ஓடுகிற தூரத்தில் விஷயம் தெரிந்த டாக்டர் வேண்டும். எதிர்ப்புச் சக்தி தேறும்வரை குழந்தை வெளி ஆட்களைப் பார்க்கக் கூடாது.

அங்கேதான் என்னுடைய இரண்டாவது ஐடியா வந்தது. திருப்பதி. முதலில் கண்டுபிடித்த டாக்டரம்மா அங்கேதான் இருக்கிறார். ரத்தப் பரிசோதனையும் அங்கேயே ஆகும். மாமாவுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை, வந்துபோக முடியும். மூன்று வருஷம் படித்த ஊர் என்பதால் எனக்குச் சந்து பொந்தெல்லாம் தெரியும். எல்லாவற்றையும் யோசித்தேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அது திருப்பதி.

எங்கள் சொந்தத்தில் யாருமே ஒரு வருஷம் மலைக்குப் போகாமல் இருந்ததில்லை. மொட்டை, காதுகுத்து, வேண்டுதல், சும்மா ஒரு நடை என்று ஏதாவது ஒரு காரணத்துக்கு வந்துகொண்டே இருப்பார்கள். மேலே போனவர்கள் கீழே இறங்கித்தானே ஆக வேண்டும். இறங்கினால் பஸ் ஸ்டாண்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி எங்கள் மாடிப் போர்ஷன்.

யாரையும் பார்க்கக் கூடாத ஒரு குழந்தையை, எல்லாரும் வருகிற ஊரில் கொண்டுபோய் ஒளித்து வைத்தோம்.

போர்ஷனில் இரண்டு அறை. உள் அறை குழந்தைக்கு. அதில் ஒரு கண்ணாடி ஜன்னல், அதன் வெளிப்பக்கம் படிக்கட்டு திரும்புகிற இடத்தைப் பார்த்தபடி இருந்தது. ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுத்தோம். ஒருநாளில் எத்தனை தடவை கை கழுவினேன் என்று கேட்டால் என் விரல் தோலைத்தான் காட்ட முடியும். செடி கூடாது, பூ கூடாது. பூவிலும் மண்ணிலும் இருக்கிற பூஞ்சை நமக்கு ஒன்றும் செய்யாது, அவளுடைய நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அக்கா தலையில் பூ வைப்பதை நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். வெளியே போவதும் நின்றது. சாமான் வாங்கிக்கொண்டு மாமா வருவார். வாசலில் வைத்துவிட்டுத் தட்டுவார். நாங்கள் துடைத்து எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கணக்கான பேரோடு வேலை செய்துவிட்டு வருகிறவர் என்பதால் அவரையே நாங்கள் உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று மகளைப் பார்ப்பார். அவள் உள்ளேயிருந்து அவர் மூக்கைப் பிடிக்கப் பார்த்துக் கண்ணாடியைத் தட்டுவாள்.

எம்.எஸ்சி. சேர வேண்டிய கடைசித் தேதி அந்த அறைக்குள் இருக்கும்போதுதான் கடந்துபோனது. அன்றைக்கு நான் பால்புட்டி வேகவைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தவர் பெரியநைனா. மொட்டைத் தலையில் சந்தனம், நெற்றியில் நாமம், ஒரு கையில் லட்டுப் பை, இன்னொரு கையில் தோட்டத்து மாம்பழம், தோளில் மல்லிகைச் சரம். கூடாது என்று நான் சுவரில் எழுதி ஒட்டியிருந்த அத்தனையும் ஒரே ஆளாக நடந்து வந்தது.

கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே சொன்னேன். "உள்ள வரக் கூடாது பெரியநைனா."

"இன்னாத்துக்கு?"

"கிருமி."

"எனக்கா? இப்பத்தான் மலைமேல புஷ்கரணிக் குளத்துல முழுக்கு போட்டுகினு வர்றேன்."

"அதான் பயமே."

பிறகு படிக்கட்டில் அவர் உட்காருகிற சத்தம் கேட்டது. "நானும்தான் வாயைத் தொறந்து காட்டினேன். வெத்தலையக்கூடப் போடல அன்னிக்கி. உங்களுக்கு வேணும்னா நானு வேணும். பாக்கணும்னா மட்டும் நானு கிருமியா?"

எல்லாரையும் டெஸ்ட் பண்ணுங்கள் என்று கேட்டவள் நான். எல்லாரும் கன்னத்துக்குள் குச்சி விட்டுக்கொண்டார்கள். பொருந்தியது என்னுடையது மட்டும்தான். ஆனால் குழந்தை மேல் ஆளுக்கு ஒரு பங்கு பாத்தியதை வந்துவிட்டது. அடுத்த வாரம் புத்தூர் அத்தை, அதற்கடுத்து நகரிக் குடும்பம் ஒரு வேன் நிறைய. எல்லாருக்கும் ஒரே பேச்சு. "நாங்களும் எச்சி குடுத்தோம்."

இதற்கு வழி கண்டுபிடித்தவர் மாமா. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்தவர் படிக்கட்டில் ஆறேழு பேர் நிற்பதைப் பார்த்தார். குழந்தையைக் கண்ணாடி ஓரம் தூக்கிப் பிடிக்கச் சொல்லி எனக்குப் போன் செய்தார். நான் திரையை விலக்கினேன். மாமா படிக்கட்டு ஓரமாக நின்றுகொண்டு, மலைமேல் சன்னிதியில் ஆட்களைத் தள்ளிவிடுகிறவர்கள் மாதிரியே குரலை மாற்றினார்.

"ஜருகண்டி! ஜருகண்டி! ஜரகண்டம்மா, வெனக்க வாள்ளு சூடால!"

நகருங்கள், பின்னால் இருப்பவர்கள் பார்க்க வேண்டாமா என்று அர்த்தம். எங்கள் சொந்தத்துக்கு இதை விளக்கவே தேவையில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற குரல். கை கூப்பாத குறையாக வரிசையில் வந்து, ஒரு நொடி பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். பெரியநைனா மட்டும் திரும்ப வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

"யோவ், ரெண்டாவது தடவையா?" என்றார் மாமா.

"மலைமேல ராஜாக்குக்கூட ஒரு செகண்டுதான். இங்கயாவது சொந்தக்காரன்னு பாத்து உடேன்டா."

அதற்குப் பிறகு வருகிறவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் கண்ணாடிக்கு வெளியே தரிசனம். நான் அல்லது அக்கா குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்போம். வெளியே இருக்கிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள், பஸ் ஏறுவார்கள், ஊருக்குப் போவார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மட்டும் அதே மூன்று பேர். கருவறைக்குள் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

ஒருநாள் வெளியே ஒருவரும் இல்லை. குழந்தை தவழ்ந்து ஜன்னலுக்குப் போய், கண்ணாடியில் கையை வைத்து, எச்சில் ஒழுகச் சொன்னாள்: "தருகு."

அக்கா அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தாள். "இன்னா சொன்னா?"

"தருகு," என்றாள் மறுபடியும்.

அம்மா இல்லை, நைனா இல்லை. அவள் முதலில் பேசிய வார்த்தை ஜருகு, அதாவது நகரு. மாமாவிடம் போனில் சொன்னபோது அவர் அப்படிச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவள் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "நகரு நகருன்னு யாரைச் சொல்றா? நம்மளத்தான் சொல்றா."

மழைக்காலத்தில் அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது. அதோடு அவளை உள் அறையில் வைத்திருக்க முடியாது. ஊருக்கு அனுப்பினோம். போகும்போது மகளைத் தொடாமல், கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, தரிசனத்துக்கு வந்த மற்றவர்கள் மாதிரியே படியிறங்கிப் போனாள். இருமல் முழுசாக நிற்கும்வரை நான் ஒருத்திதான் உள்ளே. எனக்குச் சளி பிடித்தால் அடுத்து ஆள் கிடையாது என்பதால் எனக்குப் பயம். தும்மல் வந்தாலே தெர்மாமீட்டரை எடுப்பேன். நானும் குழந்தையும் ஒரே மாதிரி வாழ்ந்தோம். கொதிக்கவைத்த தண்ணீர், வேகவைத்த சோறு, மூடின ஜன்னல். அவளுக்கு வெளியே என்று ஒன்று இருப்பது தெரியாது. எனக்குத் தெரியும். அந்த ஒரு வித்தியாசம்தான். சில நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு காலேஜ் கேன்டீனில் என்னென்ன கிடைக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, தருகு என்பாள்.

முடி வளர்ந்தது. முதலில் பூனைமயிர் மாதிரி, பிறகு கருப்பாக, சுருட்டையாக. எங்கள் வீட்டில் யாருக்கும் சுருட்டை கிடையாது. அம்மா போனில் வீடியோவில் பார்த்து, "வாராத, இழுக்காத, அது சாமி முடி" என்று தினமும் சொல்வாள்.

அக்கா திரும்பி வந்த பிறகுதான் அந்தப் பெரிய பரிசோதனை. இதற்காகத்தான் காத்திருந்தோம். ஆறு மாதத்தில் வெளியே போகலாம் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. சில குழந்தைகளுக்கு ஆறு மாதத்தில், சில குழந்தைகளுக்கு இன்னும் மேலே, பார்ப்போம் என்றுதான் சொன்னார். அதில் ஆறு மாதத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா எங்களைக் கடைசி ஆளாக, வேறு யாரும் இல்லாத நேரத்தில், பின்வாசல் வழியாக வரச் சொல்லியிருந்தார். குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "ஏம்மா, பாகுன்னாவா?" என்று தெலுங்கில் நலம் கேட்டுவிட்டு ரிசல்ட்டைப் பிரித்தார். எனக்கும் படிக்கத் தெரியும் என்பதால் தாளை என் பக்கம் திருப்பினார்.

செல்கள் என்னுடையவைதான். ஆனால் எண்ணிக்கை போன தடவையைவிட இறங்கியிருந்தது.

"தோத்துப் போகல," என்றார். "உள்ள போன செல்லு உயிரோட இருக்கு. ஆனா பெருகல, கொஞ்சம் கொஞ்சமா கொறையுது. மாசா மாசம் எதிர்ப்பு மருந்து ஏத்தறோமே, அதுலதான் இவ இப்போ நிக்கிறா. சென்னைல பேசிட்டேன். இப்படியே பாத்துகிட்டு இருக்கலாம். இல்லன்னா அதே ஆள்கிட்ட இருந்து இன்னொரு தடவை எடுத்து ஏத்திப் பாக்கலாம். இந்தத் தடவை கீமோ இல்லாம. சில குழந்தைகளுக்கு அதுல நல்லா புடிச்சிகிட்டு மேல வந்திருக்கு. சில பேருக்கு வரல. இது எப்படின்னு முன்னாடியே சொல்ல முடியாது."

"அப்போ வெளிய?" என்று கேட்டாள் அக்கா.

"இப்போ வேணாம்மா."

அறைக்குத் திரும்பி வந்து, கை கழுவி, துணி மாற்றி, குழந்தையைப் படுக்கவைத்தோம். பிறகு அக்கா ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

"அந்த ஜருகண்டி கூத்தை இனிமே வச்சிக்காதீங்க."

"அக்கா, இன்னொரு தடவை எடுத்தா..."

"நீ எப்பவும் இப்படித்தான். ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு. ஆறு மாசம்னு நீ சொன்ன. திருப்பதின்னு நீ சொன்ன. உன் ஐடியாவுக்குள்ளதான்டீ நான் குடியிருக்கறேன் இத்தினி நாளா. கதவு எங்க இருக்குன்னு சொல்லு, போயிடறேன்."

"நானும் உள்ளதான் இருக்கறேன்."

"நீ எப்போ வேணும்னாலும் போலாம். ஹைதராபாத் அங்கதான் இருக்கும்." அவள் சத்தமாகக்கூடப் பேசவில்லை. குழந்தை முழித்துக்கொள்ளும் என்று அடக்கிக்கொண்டே பேசினாள். "பெரியவன் இருந்த வரைக்கும் எல்லாத்தையும் பாத்தான். சந்தைக்கு எட்த்துகினு போனேன், ஜாத்திரைக்கு எட்த்துகினு போனேன், மாடு பாத்தான், ரயிலு பாத்தான். ஒரு வருசம் கூட இல்ல, ஆனா பாத்தான். இவ உசுரோட இருக்கறா. ஒண்ணுமே பாக்கல. எது நல்லதுன்னு உன் புக்குல போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. நான் முதல்முறையாகப் பதில் சொல்லாமல் இருந்தேன். என் செல்கள் அந்தக் குழந்தைக்குள் என்ன செய்துகொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். என்னை மாதிரியேதான் இருக்கும். உள்ளே போயாகிவிட்டது, வெளியே வர வழியில்லை, கூட வந்தவை ஒவ்வொன்றாகக் குறைகின்றன.

மறுநாள் சனிக்கிழமை. மாமா வந்தார். திரை மூடியிருந்தது. போனில் அக்காவிடம் என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா சொன்னது மட்டும் கேட்டது. "உனுக்கு இன்னா தோணுது மாமா? இல்ல, அவ சொல்றதை உடு. நீ சொல்லு." பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தை ஜன்னலுக்குக் கீழே போய் மூடின திரையைப் பிடித்து இழுத்து, இழுத்து, கடைசியில் கம்பியோடு கீழே தள்ளிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா போனைக் காதில் வைத்தபடி அழுதுகொண்டு நின்றிருந்தார். மகளைப் பார்த்ததும் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூக்கைக் கண்ணாடியில் அழுத்தினார்.

"தருகு," என்றாள் குழந்தை.

"நான் நகர மாட்டேன்," என்றார் மாமா. கண்ணாடி வழியாகவே கேட்டது.

அக்கா போனை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வலிக்குமா உனுக்கு?"

"இந்தத் தடவை இடுப்புல இல்லக்கா. கைநரம்புல எடுப்பாங்க. அதுக்கு முன்னாடி தினமும் ஊசி போட்டு எலும்புல இருக்கற செல்லை ரத்தத்துக்கு வரவைப்பாங்க. காய்ச்சல் மாதிரி உடம்பு வலி இருக்கும். அவ்ளோதான்."

"எடுத்துக்கச் சொல்லு. ஆனா எத்தினி மாசம்னு என்கிட்ட சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்லல."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா."

செய்தி ஊருக்குள் பரவ ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. பெரியநைனா போன் செய்தார். "என்னுதையும் ஒரு தடவை பாக்கச் சொல்லு. போன தடவை வாய் சரியா கொப்பளிக்கல, அதான் பொருந்தல." அப்படியெல்லாம் இல்லை என்று விளக்கினேன். கேட்டுவிட்டு, "சரி, அந்த ஆஸ்பத்திரி ரூமுக்கு ஜன்னலு இருக்குதா? எத்தினாவது மாடி?" என்று கேட்டார். எதற்கு என்று கேட்டேன். "எதுக்கா? எல்லாரும் வேன் பேசி வச்சிருக்கோம்டீ."

நாளை மறுநாள் விடியும் முன்னே சென்னைக்குக் கிளம்புகிறோம். கார் உள்ளே முழுக்கத் துடைத்தாகிவிட்டது. மாமா லீவு போட்டுவிட்டு ஒருவாரமாக யாரோடும் சேராமல் தனியாக இருக்கிறார், அவர்தான் ஓட்டப் போகிறார். போனவுடன் எனக்கு முதல் ஊசி. செல்கள் ரத்தத்தில் போதுமான அளவு ஏறியதும் ஒரு கை வழியாக ரத்தத்தை எடுத்து, மிஷினில் வேண்டியதைப் பிரித்துக்கொண்டு, மற்றக் கை வழியாகத் திருப்பி விடுவார்கள். அன்றைக்கே அவளுக்கு ஏற்றுவார்கள். கீமோ இல்லை என்பதால் முடி கொட்டாது. அம்மா அதை மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். டாக்டரிடம் கேட்பதற்கு எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தத் தடவையும் பெருகவில்லை என்றால் மூன்றாவது தடவை எடுக்கலாமா என்பது ஒன்று. ஜன்னல் இருக்கிற அறை கிடைக்குமா என்பது மற்றது.

என் கைநரம்பு மெலிசு, மிஷினுக்கு நன்றாகப் புடைத்து நிற்க வேண்டும் என்று நர்ஸ் போனில் சொன்னார். அதனால் குழந்தையின் ரப்பர் பந்தை எடுத்து வலது கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருக்கிறேன். அவள் எதிரில் உட்கார்ந்து பந்தையே பார்க்கிறாள். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுக் கையை நீட்டுகிறாள். கொடுக்கவில்லை. இடது கைக்கு மாற்றி, மறுபடி பிசைகிறேன்.